கண்ணில் ஒற்றிய துவக்கு

முதலில் ஒரு மனிதக் குரல்: "ஹொப்!" உடனே பொறியின் இரும்புக் கை விசிறும் ஓசை, ஈரத் துணியை ஓங்கி உதறினது போல. பிறகு வெடி. கடைசியாக, காதைக் கொடுத்துக் கேட்கிறவனுக்கு மட்டும், உடைந்த மண்தட்டின் துண்டுகள் புல்லில் விழுகிற சின்னச் சலசலப்பு. தகரக் கூரையில் முதல் தூற்றல் விழுகிற மாதிரி. என் சனிக்கிழமைகள் கொஞ்சக் காலம் இந்த நாலு சத்தங்களுக்குள் அடங்கிக் கிடந்தன.

வார நாட்களில் பிராங்பேர்ட் விமான நிலையத்துச் சமையற்கூடத்தில் தட்டுகளை அடுக்கினேன், பறக்கிறவர்கள் சாப்பிடுவதற்கு. சனிக்கிழமைகளில் இன்னொரு வகைத் தட்டை அடுக்கினேன், அது தானே பறப்பதற்கு. எஸ்-பான் ரயிலில் கடைசித் தரிப்புவரை போய், பஸ் பிடித்து, ஊசியிலை மரங்களுக்கு நடுவே ஏறி நடந்தால் ஒரு பள்ளத்தாக்கு. அங்கே துவக்குச் செய்கிற குடும்பம் ஒன்றின் பட்டறை. பட்டறைக்குப் பின்னால் அவர்களுடைய சுடுவெளி. மார்க் போய் யூரோ வந்திருந்தது. ஊரில் சண்டை நிறுத்தம் என்று சனம் பெட்டி கட்டிக்கொண்டு போய்ப் பார்த்து வந்த காலம். எனக்கு ஓரிடத்தில் இருக்கப் பிடிக்காத காலமும் அதுதான். நாற்பது வயதில் கால் அரிக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்து கடல் கடந்து வந்த மனுசன் சனிக்கிழமையில துவக்குக் கடையில நிக்கிறார்," என்பாள் மனைவி. "கோயில்ல கேக்கிற சனத்துக்கு நான் என்னத்தைச் சொல்ல?"

"சுண்ணாம்பு அடிக்கிற வேலை எண்டு சொல்லுமன்."

"அது இன்னும் வெக்கம்."

சொல்லிக்கொண்டே உருளைக்கிழங்கு ரோல்ஸை வெள்ளித்தாளில் சுற்றிப் பைக்குள் வைப்பாள். அவளுடைய கோபம் எப்போதும் சூடாக, பொரித்த வாசத்தோடுதான் என் பைக்குள் வந்து சேரும்.

பயமாக இல்லையா என்று நண்பர்களும் கேட்டார்கள். முதல் நாள் ஒவ்வொரு வெடிக்கும் வாளிக்குப் பின்னால் குனிந்தது உண்மை. இரண்டாம் சனிக்கிழமை ஒன்று பிடிபட்டது. இந்த வெளியில் ஒவ்வொரு வெடிக்கும் முன்னால் ஒரு மனிதன் வாய்விட்டுச் சொல்கிறான், நான் சுடப்போகிறேன் என்று. சொல்லாமல் ஒரு வெடியும் இல்லை. என் காதுக்கு அது புதிது. அந்த "ஹொப்" வரும்போதெல்லாம் எனக்குள் எதுவோ ஒரு முடிச்சுத் தளர்ந்தது. வெடி கேட்டுத் தளர்கிறவனை விசரன் என்பார்கள் என்று வெளியே சொல்லவில்லை.

சுண்ணாம்பு அடிக்கிற வேலை என்றது பகிடி இல்லை. வெளியின் இடப்பக்கம் ஆளுயரத்துக்கு ஓர் இரும்புத் தகடு நிறுத்தியிருந்தார்கள். வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய தகடு. புதிதாகத் துவக்குச் செய்விக்க வருகிறவர் முதலில் அந்தத் தகட்டைப் பார்த்துச் சுடவேண்டும். சிறு குண்டுகள் பட்ட இடமெல்லாம் வெள்ளை உதிர்ந்து, ஈயப் புள்ளிகளாக ஒரு கூட்டம் தெரியும். கூட்டம் இடதுபக்கம் ஒதுங்கியிருக்கிறதா, மேலே ஏறியிருக்கிறதா என்று பட்டறைக்காரர் நின்று பார்ப்பார். பார்த்து முடிந்ததும் நான் வாளியும் தூரிகையுமாகப் போய் வெள்ளையடிப்பேன். அடுத்த வெடி. மறுபடி வெள்ளை. அந்தத் தகட்டில் எத்தனை தலைமுறைச் சுண்ணாம்பு படிந்திருந்ததோ, ஓரத்தில் நகத்தால் சுரண்டினால் வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக வந்தது.

பட்டறைக்காரருக்கு அறுபதை ஒட்டிய வயது. குள்ளம். எப்போதும் ஆளிவிதை எண்ணெய் மணக்கும் கைகள். கதை கேட்டால் கைவேலையை நிறுத்தமாட்டார், கதையையும் நிறுத்தமாட்டார். அவருடைய பாட்டன்தான் இந்தப் புல்வெளியை வாங்கினாராம். துவக்கு வாங்கிப் போனவர்கள் திரும்பி வந்து, சுட்டால் படவில்லை, உன் துவக்குப் பிழை என்று சண்டை பிடித்தார்கள். "துவக்குப் பிழையா, ஆள் பிழையா என்று தெரிய ஓர் இடம் வேண்டாமா? அதுக்குத்தான் வெளி," என்றார். "சண்டை பிடிக்க வந்தவர்களிடம் என் பாட்டன் ஒருபோதும் வாதாடியதில்லை. பக்கத்தில் நின்று சுடப் பழக்கினார். துவக்கும் ஆளும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்றால் இரண்டு பக்கமும் கொஞ்சம் சீவ வேண்டும்."

மரத்தைத்தான் சீவுவார்கள். ஆளைச் சீவுவது பயிற்சி. ஒருவருக்கு அளவெடுக்க அவரிடம் ஒரு விசித்திரமான துவக்கு இருந்தது. தோளில் முட்டுகிற மரப்பகுதி, நாங்கள் சோங்கு என்போமே, அது அந்தத் துவக்கில் மூட்டுமூட்டாகப் பிரிந்து திருகாணிகளோடு இருக்கும். நீட்டலாம், குறுக்கலாம், கன்னத்துக்குத் தக்கபடி வளைக்கலாம். எலும்பு முறிந்து கட்டுப் போட்ட வெட்டுக்கிளி மாதிரித் தோற்றம். அதைத் தோளில் வைத்துத் தகட்டில் சுடச்செய்து, திருகாணியை முடுக்கி, மறுபடி சுடச்செய்து, ஆளும் துவக்கும் ஒத்துப்போன பிறகு அந்த அளவில் வால்நட் மரத்தில் ஒரு கட்டை செதுக்கிப் பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்கவிடுவார். சுவர் முழுக்கக் குடும்பம் குடும்பமாக அந்தக் கட்டைகள். அந்த மர வரிசையைப் பார்த்தால் யாருக்கு நீளக் கழுத்து, யாருக்குக் குட்டைக் கை என்று தெரிந்துவிடும். செத்துப்போனவர்களுடைய கட்டைகளையும் கழற்றுவதில்லை.

அந்த வீட்டுக்கு ஒரு பழைய சட்டமும் இருந்தது. யாராவது குழலை ஆட்கள் நிற்கும் பக்கம் திருப்பிவிட்டால், வெறும் துவக்காக இருந்தாலும், திருப்பியவன் யாராக இருந்தாலும், துவக்கைப் பறித்துவிட்டுக் குழிக்கு அனுப்பிவிடுவார்கள். குழி என்றது சுடுகிறவர்களுக்கு முன்னால், நிலத்துக்குள் பாதி புதைந்த கொங்கிறீட் அறை. மண்தட்டை எறியும் பொறி அதற்குள். வெடி தலைக்கு மேலாகப் போகும். அங்கே இருந்து தட்டு அடுக்க வேண்டும். குழலுக்குப் பின்னால் நிற்கத் தெரியாதவன் கொஞ்ச நேரம் குழலுக்கு முன்னால் இருந்து பார்க்கட்டும் என்பது பாட்டன் வைத்த பாடம். அந்தக் குழிதான் என்னுடைய இராச்சியம். அங்கே வந்து என்னோடு தட்டு அடுக்கியவர்களில் ஒரு நீதவானும் உண்டு, ஒரு மதகுருவும் உண்டு. மதகுரு நன்றாக அடுக்கினார்.

இனி அந்த இலையுதிர் காலத்துச் சனிக்கிழமை.

பல் வைத்தியர் ஒருவர் அங்கே பழைய வாடிக்கை. வீட்டு நிலைகளுக்கெல்லாம் குனிந்தே பழகிய உயரம். பேச்சுக் குறைவு; நாள் முழுக்க மற்றவர்களுடைய வாயைப் பார்த்திருப்பதால் தன் வாயைத் திறக்க அலுப்போ என்று நினைப்பேன். சுவரில் அவருடைய குடும்பத்துக்கு ஒரு வரிசை: தகப்பன், அவர், மனைவி, மகள். மகளுக்குப் பக்கத்தில் வெறும் ஆணி ஒன்று. அந்தக் குடும்பத்தில் கல்யாணம் செய்து வருகிறவருக்கு முதலில் இங்கே அளவெடுப்பார்கள். அனுமதி, படிப்பு, சோதனை எல்லாம் பிறகு. அவர் வேட்டைக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை. அளவுக்கட்டை ஆணியில் தொங்கினால் அவர் குடும்பத்து ஆள்.

அன்று வைத்தியரோடு காரிலிருந்து இறங்கியவன் ஒரு தமிழ்ப் பொடியன்.

முப்பது வயதிருக்கும். பிராங்பேர்ட்டில் கம்ப்யூட்டர் வேலை. இந்தியாக்காரன் என்று அவன் என்னைப் பார்த்துச் சிரித்த விதத்திலேயே தெரிந்தது.

"அண்ணா, நீங்க தமிழா? அப்பாடா!" என்றான். "ரொம்ப டென்ஷனா இருக்குண்ணா. நான் தீபாவளித் துப்பாக்கி தவிர எதையும் தொட்டதில்ல."

"பயப்பிடாதையும் தம்பி. இதுவும் சத்தந்தான்."

"அவ வர்றேன்னா. இன்னைக்குப் பார்த்து ஆஸ்பத்திரில டியூட்டி போட்டுட்டாங்க." வைத்தியரின் மகளைச் சொன்னான். அவளும் டாக்டர்.

வைத்தியர் பட்டறைக்காரரை ஒருபக்கம் அழைத்துக் குரலைத் தாழ்த்தினார். நான் வாளியில் சுண்ணாம்பைக் கலக்கிக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.

"கண்ணைக் கவனமாகப் பாருங்கள். எனக்கு ஒரு சந்தேகம். சின்னப் பொருட்களை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோகிறான். என் மகளிடம் கேட்டேன், ஒன்றுமில்லை என்கிறாள். காதலிக்கிறவள் சொல்கிற சாட்சி."

பட்டறைக்காரர் சோதித்தார். பொடியனை எதிரே நிறுத்தி, அவனுடைய இரண்டு கைகளையும் நீட்டி, உள்ளங்கைகளைச் சேர்த்து நடுவில் ஒரு சின்னத் துவாரம் விட்டு, இரண்டு கண்ணும் திறந்தபடி அதற்குள்ளால் தன் மூக்கைப் பார்க்கச் சொன்னார். எந்தக் கண் துவாரத்தில் தெரிகிறதோ அந்தக் கண்தான் ஆளும் கண். துவக்கு அந்தப் பக்கத் தோளுக்குப் போகும். பொடியனுக்கு வலது கண். தூரத்து வேலியில் குந்தியிருந்த பறவையைக் காட்டி என்ன செய்கிறது என்று கேட்டார். "தலையைச் சொறிகிறது," என்று ஜேர்மனில் தடக்கித் தடக்கிச் சொன்னான். பட்டறைக்காரர் வைத்தியரைப் பார்த்துத் தோளைக் குலுக்கினார். பருந்துக் கண். வைத்தியருடைய நெற்றிச் சுருக்கம் விலகவில்லை.

பிறகு விதிகள். குழல் தகட்டைப் பார்க்க வேண்டும், அல்லது வானத்தைப் பார்க்க வேண்டும். மூன்றாவது திசை கிடையாது. பொடியன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். நான் தமிழிலும் ஒருதரம் சொன்னேன். "புரியுதுண்ணா, புரியுதுண்ணா."

வெறும் துவக்கோடு கொஞ்ச நேரம் தோளில் வைத்துப் பழக்கினார். அப்போதெல்லாம் துவக்கை அவர் பிடித்திருந்தார், பொடியன் தோளை மட்டும் கொடுத்தான். திருகாணிகளை முடுக்கினார். கன்னம் மரத்தில் படிந்தது. எல்லாம் சரி. தோட்டா ஒன்றைப் போட்டு, நடுவில் மடிந்து பிளந்திருந்த துவக்கை முதல்முறையாக அவனுடைய இரண்டு கைகளிலும் வைத்தார். "மூடு. தோளுக்குக் கொண்டுபோ. தகட்டின் நடுவைப் பார்."

பொடியன் மூடினான். டிக் என்று பூட்டு விழுந்தது. அடுத்த கணம் அவன் அந்தத் துவக்கைக் கிடையாக, இரண்டு கைகளாலும் ஏந்தி, தலையைக் குனிந்து, கண்களில் ஒற்றிக்கொண்டான்.

வலது கண். இடது கண்.

எவ்வளவு அழகான செய்கை! எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன், செய்திருக்கிறேன். நாங்கள் வேதக்காரர், சிலுவை கும்பிடுகிறவர்கள் என்றாலும் புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிற ஆட்கள்தான். ஆனால் அவன் ஒற்றியது குழல் நீண்ட, தோட்டா போட்ட துவக்கை. அது கிடையாகத் திரும்பியபோது குழலின் இரட்டைக் கறுப்பு வாய் என்னைத் தாண்டிப் போய், வாங்கில் குந்தியிருந்த பல் வைத்தியரின் வயிற்றருகே நின்றது.

பட்டறைக்காரர் கத்தவில்லை. அந்தக் குள்ள மனிதரின் கை பறந்து வந்து குழலை வானத்துக்குத் தூக்கியது. மறு கை பூட்டைத் திறந்தது. தோட்டா துள்ளிப் புல்லில் விழுந்தது. அதற்குப் பிறகு என் வாளியிலிருந்து சுண்ணாம்பு சொட்டுகிற சத்தம் மட்டும்தான். வைத்தியர் எழுந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது.

பொடியனுக்குத் தான் என்ன செய்தோம் என்பதே ஒரு மூச்சு கழித்துத்தான் விளங்கியது. "ஐயோ... சாரி... சாரி சார்..." என்று தமிழும் இங்கிலிஷும் ஜேர்மனும் குழம்பிப்போய் நின்றான்.

"குழிக்கு," என்றார் பட்டறைக்காரர். என்னைப் பார்த்து, "நீங்களும் போங்கள். வைத்தியர் தன் தட்டுச் சுற்றைச் சுடட்டும்."

பொடியன் சுவரைப் பிடித்துக்கொண்டு குழிக்குள் இறங்கினான். நான் சிவப்புக் கொடியை இறக்கினேன். கொடி இறங்கினால்தான் மேலே சுடலாம். உள்ளே எண்ணெய், ஈரச் சீமெந்து, வெடிமருந்துப் புகை எல்லாம் கலந்த மணம். பொறியின் கைக்கு எட்டாத மூலையில் அவனை இருத்தினேன்.

"கையை உந்தப் பக்கம் கொண்டுபோகாதையும். எலும்பை எடுத்துப்போடும். அந்தக் கட்டிலிருந்து ஒவ்வொண்டா எடுத்து எனக்குத் தாரும்."

மேலே வைத்தியரின் குரல்: "ஹொப்!" கை விசிறியது. எங்கள் தலைக்கு மேலே காற்றைக் கிழித்துக்கொண்டு வெடி போனது. பொடியன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுருண்டான். கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தூக்கினான்.

"இதைத்தான் அவரு வயித்துக்கு நேரா பிடிச்சேனா நான்?"

"ஓம்."

"கண்ணுல ஒத்திக்கணும்னு நினைக்கவே இல்லண்ணா. கையே போயிடுச்சு."

"தெரியும். நான் பாத்தனான்."

தட்டைத் தந்தான். வாங்கி அடுக்கினேன். அவன் கதைக்கத் தொடங்கினான். குழிக்குள் வந்தவர்கள் எல்லோரும் கதைப்பார்கள். அந்தப் பெண்ணைக் கட்டப்போகிறேன் என்றதும் வீட்டில் அப்பா தொலைபேசியில் ஒரே ஒரு வசனம் சொன்னாராம்: "நீ அங்கேயே இருந்துக்கோ." அம்மா மட்டும் அப்பா குளிக்கப் போகும் நேரம் பார்த்து ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். இவன் திருப்பி எடுத்தால் இரண்டு நிமிடம். அக்கா எடுப்பதே இல்லை.

"டவுன் ஹால்ல கல்யாணம். என் பக்கம்னு நிக்க ஒருத்தரும் வரமாட்டாங்க. அதான் இவரு ஒருத்தராவது என்னை ஏத்துக்கிட்டாப் போதும்னு இருந்தேன். காலைல கார்ல வரும்போது அந்தச் சுவத்து ஆணியப் பத்திச் சொன்னாரு. முதமுதலா ரெண்டு வார்த்தைக்கு மேல பேசினாரு. வந்த உடனே அவர் வயித்துக்கு நேரா துப்பாக்கியத் திருப்பிட்டேன்."

"நல்ல மருமகன்தான்."

சிரிப்பும் அழுகையுமாக ஒரு சத்தம் போட்டான். ரோல்ஸை நீட்டினேன். "மரக்கறிதான். உருளைக்கிழங்கு. மனுசி சுட்டது." வாங்கினான். கண்ணில் ஒற்றப் போகிறானோ என்று பார்த்தேன், கடித்துவிட்டான். பசி.

"ஹொப்!" வெடி. தட்டு வெளியே போகும் இடுக்கால் பார்த்தேன்: ஆரஞ்சுத் தட்டு முழுசாகப் பறந்து போய்ப் புல்லில் இறங்கியது. வைத்தியர் தவறவிடுகிறவர் இல்லை. அடுத்ததும் முழுசாக இறங்கியது. அதற்கடுத்தது ஓரம் மட்டும் உடைந்தது.

"மிஸ் பண்றாரா?" என்றான் பொடியன், வாய் நிறைய ரோல்ஸோடு.

"குரலைக் கேளும். முந்தி 'ஹொப்' எண்டா ஆணி அடிச்ச மாதிரி இருக்கும். இண்டைக்கு ஆடுது."

"என்னாலதான்."

நான் அடுத்த தட்டுக்குக் கையை நீட்டினேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி தட்டுக்கட்டில் குந்தினான். இப்போது எனக்குத் தருமுன் ஒவ்வொரு தட்டையும் காதருகே பிடித்து விரல்முட்டியால் தட்டினான். சந்தையில் பானை வாங்குகிற மாதிரி. ணங் என்றால் தந்தான். சத்தம் பிசகினால் ஒருபக்கம் ஒதுக்கினான். வெடிப்பு விழுந்த தட்டு பொறியிலேயே நொறுங்கும், சுடுகிறவருடைய கவனம் குழம்பும் என்று நான் அவனுக்குச் சொல்லவில்லை. தன் மாமனாருக்கு நல்ல தட்டாகப் போகட்டும் என்று அவன் கை தானாகக் கண்டுபிடித்திருந்தது. சற்றுமுன் அவனைக் கவிழ்த்ததும் அதே கைதான்.

சுற்று முடிந்து ஊதுகுழல் சத்தம் கேட்டது. நான் சிவப்புக் கொடியை ஏற்றினேன். புல்லில் காலடி. குழியின் வாசலில் வெளிச்சம் மறைந்தது. இரண்டாக மடிந்து எட்டிப் பார்த்தார் பல் வைத்தியர். பொடியன் எழும்பினான்; கூரையில் தலை இடித்தது. வைத்தியர் அவனைப் பார்க்காமல் என்னிடம் கேட்டார்:

"அவன் என்ன செய்தான்? துவக்கை ஏன் முகத்துக்குக் கொண்டுபோனான்? மூக்கு அரித்ததா?"

ஜேர்மன் மொழியில் எனக்கு டெர்மின் என்று சந்திக்க நேரம் கேட்கத் தெரியும், அன்ட்ராக் படிவம் நிரப்பத் தெரியும், கோபப்படக்கூடத் தெரியும். கண்ணில் ஒற்றுவதை எப்படிச் சொல்வது? "அது ஒரு வணக்கம்," என்றேன். "ஒரு பொருள் முதன்முதல் கைக்கு வரும்போது..."

"துவக்கை வணங்குகிறானா?" குரலில் சந்தேகம்.

பொடியன் இடையில் வந்தான், துண்டு துண்டான ஜேர்மனில். "துவக்கு மட்டும் இல்லை. எல்லாம். புது லேப்டாப். முதல் சம்பளம். ஒருவர் எனக்கு முக்கியமானதைக் கையில் தந்தால். யோசிக்கிறதில்லை. கை போகும். மன்னியுங்கள்." பிறகு, "உங்கள் வீட்டுச் சாவி தந்தபோதும் அப்படித்தான்," என்றான்.

வைத்தியர் அசையவில்லை. மடிந்து நிற்பது அந்த முதுகுக்கு நோகும் என்று நினைத்தேன்.

"கிறிஸ்மஸில்," என்றார்.

"ஆம்."

"மரத்துக்குப் பக்கத்தில் நின்று, சாவியைக் கண்ணுக்குக் கொண்டுபோனாய்."

"ஆம்."

"நான் நினைத்தேன், சாவியில் பொறித்த எண் உனக்குத் தெரியவில்லை என்று." அவர் என் பக்கம் திரும்பினார். "கிறிஸ்மஸிலிருந்து நான் என் மகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இவனைக் கண் வைத்தியரிடம் கூட்டிப் போ என்று. பத்து மாதமாகச் சண்டை."

குழிக்குள் முதலில் சிரித்தது யாரென்று நினைவில்லை. நானாகத்தான் இருக்கும், வேலை செய்கிற இடத்தில் சிரிக்கக் கூடாத நேரத்தில் சிரிப்பது என் வியாதி. வைத்தியர் சிரிக்கவில்லை. அவர் பொடியனுடைய முகத்தையே பார்த்தார், அந்த இரண்டு கண்களையும், ஏதோ அவற்றை முதன்முதல் பார்க்கிறவர் மாதிரி. "வா வெளியே," என்றார். "இங்கே முதுகு முறியும்."

மேலே பட்டறைக்காரரிடம் அவரே சொன்னார். சாவி, கிறிஸ்மஸ் மரம், எல்லாம். பட்டறைக்காரர் கேட்டுக்கொண்டே துவக்கைக் கையில் எடுத்தார். "சட்டம் சட்டம்தான்," என்றார். "குழல் திரும்பினால் குழி. அதில் மாற்றமில்லை." சொல்லிக்கொண்டே முன்பிடியைக் கழற்றினார், குழலைப் பிரித்தெடுத்தார், இரண்டையும் வாங்கில் வைத்தார். மிச்சமிருந்தது சோங்கு மட்டும். அந்த மூட்டுமூட்டான மரம். யாரையும் ஒன்றும் செய்ய முடியாத துண்டு. அதை இரண்டு கைகளிலும் பிடித்துப் பொடியனிடம் நீட்டினார்.

"இப்போது செய். பிறகு குழலைப் பூட்டித் தருகிறேன்."

பொடியனுக்குக் கூச்சம். என்னைப் பார்த்தான். "செய்யும், செய்யும்," என்றேன். வாங்கி, குனிந்து, ஒற்றினான்.

வைத்தியர் கூர்ந்து பார்த்தார். தனக்குத் தெரியாத ஒரு சிகிச்சையைப் பக்கத்து வைத்தியர் செய்வதைப் பார்க்கிற மாதிரி. பிறகு தன் துவக்கைப் பிளந்து, மெல்லக் குழலைக் கழற்றி வைத்துவிட்டு, தன் தகப்பன் கொடுத்த பழைய சோங்கைத் தூக்கினார்.

"எந்தக் கண் முதலில்? ஆளும் கண்ணா?"

"இரண்டும்தான்," என்றான் பொடியன். "எது முதலில் என்பதெல்லாம் இல்லை."

தொப்பி விளிம்பு இடித்தது. தொப்பியைக் கழற்றிவிட்டுத் திரும்பவும் செய்தார். பட்டறைக்காரர் அந்த நேரம் திருகாணிப் பெட்டிக்குள் எதையோ தேடத் தொடங்கிவிட்டார், நீண்ட நேரம்.

பொடியனுடைய முதல் வெடி தகட்டின் கீழ்மூலையில் போய் விழுந்தது. நான் வெள்ளையடித்தேன். அடுத்தது மேலே. வெள்ளையடித்தேன். திருகாணி முடுக்கப்பட்டது. கன்னம் கொஞ்சம் உயர்ந்தது. மாலை வெளிச்சம் தேன் நிறத்துக்கு வந்தபோது புள்ளிக் கூட்டம் தகட்டின் நடுவில், ஒரு நிறைந்த தட்டளவுக்கு விழுந்தது. வாளியோடு நடந்த என்னைப் பட்டறைக்காரர் கையால் மறித்தார். "அவர்கள் பார்க்கட்டும்." மாமனும் மருமகனும் தகட்டுக்கு முன்னால் நின்று வெகுநேரம் பார்த்தார்கள். பெரியவர் விரலால் புள்ளிகளைத் தொட்டுத் தொட்டு ஏதோ சொன்னார், பல் வரிசையை விளக்குகிறவர் போல. பிறகு நான் வெள்ளையடித்தேன். என் வேலை அது.

குளிர்காலத்தில் அந்த ஆணியில் வால்நட் கட்டை ஒன்று தொங்கியது. மற்றவற்றைவிடக் கொஞ்சம் குட்டை.

டவுன் ஹாலுக்கு எங்களுக்கும் அழைப்பு வந்தது. மனைவி பட்டுச்சேலை கட்டி, இரண்டு பெட்டி நிறைய ரோல்ஸ் சுட்டுக்கொண்டு வந்தாள். "துவக்குக் கடைச் சம்பந்தமெல்லாம் வந்து சேருது எனக்கு," என்று பஸ்ஸில் முழு வழியும் புறுபுறுத்தாள். அங்கே போய்ப் பார்த்தால் பெண் பக்கம் நாற்காலி போதவில்லை. பொடியன் பக்கம் நாங்கள் இருவர், அவனோடு வேலை செய்கிற ஒருவன். பொடியன் அடிக்கடி கைத்தொலைபேசியைப் பார்த்தான். ஒரு தடவை அது நடுங்கி நின்றுவிட்டது. அவன் முகம் மாறியதில் அது யாருடைய மிஸ்டு கால் என்று எனக்கு விளங்கியது.

பல் வைத்தியர் எழும்பினார். பெண் பக்கத்து முதல் வரிசையிலிருந்து குறுக்கே நடந்து வந்து, என் மனைவிக்கு அடுத்த நாற்காலியில் குந்தினார்.

"இந்தப் பக்கம் ஆள் குறைவு," என்றார் என்னிடம். அவ்வளவுதான். மனைவி சேலைத் தலைப்பை ஒதுக்கி அவருக்கு இடம் விட்டாள். பிறகு என் காதுக்குள், "நல்ல மனுசன். இவருக்கு ஒரு பெட்டி தனியாக் குடுப்பம்," என்றாள்.

பதிவாளர் அம்மா மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, எல்லாம் வாசித்து, கையெழுத்துப் போடப் பேனாவை நீட்டினார். பொடியன் இரண்டு கைகளாலும் வாங்கினான். கை போயிற்று. கண்ணில் ஒற்றினான், வலது, இடது.

பதிவாளர் அம்மா அக்கறையோடு முன்னால் சாய்ந்தார். "எழுத்துச் சின்னதாக இருக்கிறதா? விளக்கைக் கிட்ட வைக்கட்டுமா?"

"தேவையில்லை," என்றார் எங்கள் பக்கத்திலிருந்து பல் வைத்தியர், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, ஆணி அடித்தது போன்ற குரலில். "அவனுடைய கண் நன்றாக இருக்கிறது. நாங்கள் சோதித்துப் பார்த்திருக்கிறோம்."